அம்மனுக்குச் சேலை கட்டுகிறவள்

இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். சூடம் கொளுத்தி, அதை உள்ளங்கையில் வாங்கி அணைத்துச் செய்த சத்தியம். சூடம் ஈப்போவில் வாங்கியது, கலப்படம் கிடையாது. கையில் கொப்புளம்கூட வந்தது. சீக்கிரமே ஆறிவிட்டதால் இப்போது காட்ட முடியவில்லை. நம்பாதவர்கள் சுங்காய்ப் பக்கம் போய் விசாரித்துக்கொள்ளலாம். விசாரிக்க அங்கே இப்போது ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஆள் இல்லாத அந்த இடத்தில் முன்பு ரப்பர்த் தோட்டம் இருந்தது. பால்மரம் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது. லயத்து வீடுகளை இடித்தார்கள். சனங்கள் புந்தோங், குனோங் ராபாட் என்று ஈப்போவைச் சுற்றிச் சிதறிப் போனார்கள். மாரியம்மன் மட்டும் எங்கும் போகவில்லை. செம்பனைக்கு நடுவே, தகரக் கூரைக்குக் கீழே, தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள். வருஷத்தில் ஒரு தடவை, சித்திரையில், போனவர்கள் எல்லாம் காரும் வேனுமாகக் கிளம்பி வந்து திருவிழா நடத்திவிட்டு, மிஞ்சின சோற்றைத் தப்பாவ் என்று பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்புவார்கள்.

தோட்டம் மூடிய நாளிலிருந்து அம்மனுக்கு உடம்பு போட ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு சேலையைக் கட்டினால் கொசுவம் வைத்து, முந்தானை விட்டு, மிச்சத்தை இடுப்பில் செருகலாம். இப்போது கொசுவத்துக்கே துணி பற்றவில்லை. வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டால் கல்லுக்கும் சதை வைக்கத்தானே செய்யும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொன்னவள் செல்லாயி. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அம்மனைச் சேலை இல்லாமல் பார்த்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

அந்தக் கோயிலில் அம்மனுக்குச் சேலை மாற்றுவது பண்டாரத்தின் வேலை இல்லை. ஆண்பிள்ளை கை படக் கூடாது. தீட்டு நின்றுபோன பொம்பளை ஒருத்திதான் திரைக்குள்ளே போய்ப் பழசை அவிழ்த்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, புதுசைக் கட்டிவிட வேண்டும். மாதாமாதம் விலக்காகிறவள் அந்தத் திரையைத் தொட்டாலும் குற்றம். பக்கத்துத் தோட்டங்களில் இப்படி ஒரு வழக்கம் கிடையாது. இங்கே மட்டும் யார் ஆரம்பித்தார்களோ, அப்படியே நின்றுவிட்டது. நல்லம்மாள் என்று ஒரு கிழவி ரொம்ப காலம் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் போனபிறகு செல்லாயிக்கு வந்தது.

செல்லாயிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பால் வெட்டினாள், வெளிக்காட்டில் புல் வெட்டினாள், ஈப்போவுக்கு வந்து ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாள். புருஷன் இருந்தவரை அவனிடம் அடி வாங்கினாள். அவன் போனபிறகு அது ஒன்றுதான் குறைந்தது. இத்தனை வருஷத்தில் அவளை ஒருவரும் ஒரு காரியத்துக்கு, நீ வந்தால்தான் ஆகும் என்று கூப்பிட்டதில்லை. திருவிழாவன்று மட்டும், மேளம் நின்று, கூட்டம் மூச்சுக் காட்டாமல் நிற்கும்போது, பண்டாரமே வெளியே வந்து, "செல்லாயி அக்கா எங்கே? வரச் சொல்லு" என்பார். அவள் ஈரத் தலையோடு எல்லாரையும் தாண்டித் திரைக்குள்ளே போவாள். அந்தக் கொஞ்ச தூரம் நடப்பதற்காகத்தான் அவள் மிச்ச வருஷத்தை நடந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

போன வருஷம் ஆடி மாதம், குனோங் ராபாட்டில் மகள் ஷர்மினி வீட்டில், குளிக்கப் போன செல்லாயி பாவாடையில் கறையைப் பார்த்தாள்.

நின்றுபோய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். முதலில் அது வேறு ஏதோ என்று நினைத்தாள். வெற்றிலைச் சாறு என்று நினைத்தாள். வெற்றிலைச் சாறு அங்கே எப்படிப் போகும் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டு, துணியை அலசிப் பிழிந்து, கொடியில் போடாமல் கட்டிலுக்குக் கீழே காயவைத்தாள். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை எப்போதும்போல் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் மறுபடியும். அப்புறம் விட்டுவிட்டு வந்தது.

இதை மகளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஷர்மினி அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷத்துக்கு அப்புறம், மாத்திரை, ஊசி, வேண்டுதல் எல்லாம் பார்த்து உண்டானது. அவள் படி இறங்கினாலே புருஷன் தனேஸ்வரனுக்கு வேர்த்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் போய், எனக்கு ரத்தம் படுது என்று எந்தத் தாய் சொல்லுவாள்?

இது ஒரு காரணம். இதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் காரணம். இன்னொன்று, சொன்னால் திரை போய்விடும். தீட்டு உள்ளவள் அம்மனைத் தொட முடியாது. புந்தோங்கில் இருக்கிற முத்தம்மா அடுத்ததாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். செல்லாயிக்கு ஒரு தும்மல் வந்தாலும், "உடம்பைப் பாத்துக்கடி, முடியலன்னா சொல்லு, நான் இருக்கேன்" என்று போன் போட்டு விசாரிக்கிறவள். அம்மன் நம்மைச் சோதிக்கிறாள், சித்திரைக்குள் நின்றுவிடும் என்று செல்லாயி முடிவு பண்ணினாள். அதுவரை இந்த ஒரு விஷயம் அவளோடு இருக்கட்டும்.

தோட்டத்தில் இருந்தபோதும் இப்படித்தான் பழக்கம். பொம்பளைகளுக்கு எந்த நோவு வந்தாலும் மருந்தறையில் இருக்கிற டிரசர் ஐயாவு ஒரே சிவப்பு மருந்தைத்தான் ஊற்றிக் கொடுப்பார். வயிற்றுவலிக்கும் அதுதான், வெள்ளைப்படுதலுக்கும் அதுதான், பிள்ளை தங்காததற்கும் அதுதான். போத்தலில் மிச்சம் இருந்ததை நக்கின சேவல் ஒன்று மறுநாள் முட்டையிட்டது. அந்த முட்டையைக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் பொரித்துத் தின்றார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மருந்தைத்தான் செல்லாயியும் குடித்தாள். சேவலுக்கு வேலை செய்தது, அவளுக்குச் செய்யவில்லை. மூன்று பிள்ளைகள் போய், நாலாவதாகத்தான் ஷர்மினி நின்றாள்.

மாதாமாதம் ஷர்மினியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது செல்லாயி. தாய்மார்களைப் பார்க்கிற அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு இருக்கும். அதில் உட்கார்ந்தால் பொம்பளைப் பிறவி முழுவதையும் ஒரே வரிசையில் பார்த்துவிடலாம். பள்ளிக்கூட உடுப்போடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருக்கிற பெண், அவளுக்குப் பக்கத்தில் அதட்டுகிற தாய். கையில் மருதாணி அழியாத புதுப்பெண். வயிறு மேலே ஏறி மூச்சு வாங்குகிறவள். எதற்காக வந்திருக்கிறாள் என்று கேட்டால் சொல்ல மாட்டாதவள், கைப்பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருப்பவள். கடைசியில் செல்லாயி, மடித்த பழந்துணியின்மேல், அசையாமல்.

மலாய்க்கார நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து ஷர்மினியைக் கூப்பிடும்போதெல்லாம் தாயையும் பார்த்துச் சிரிப்பாள். "ஆன்ட்டி சிஹாட்?" என்று நலம் விசாரிப்பாள்.

"சிஹாட், சிஹாட்" என்பாள் செல்லாயி. "எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

கதவு மூடிக்கொள்ளும். உள்ளே பிள்ளையின் நெஞ்சு துடிக்கிற சத்தம், குதிரை ஓடுகிற மாதிரி, கதவுக்கு வெளியே கேட்கும். செல்லாயி அதைக் கேட்டுக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைப்பாள். அந்தக் கதவுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு எட்டு வைத்தால் தொட்டுவிடுகிற தூரம்தான்.

மார்கழியில் ரத்தம் அதிகமானது. பழந்துணி தாங்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று, பஸ் ஏறிப் புந்தோங்கில் ஒரு கடைக்குப் போனாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பஸ் நேரத்துக்கு வந்தது. அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் காய்கறிப் பைக்குள் தள்ளும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"என்னடி செல்லாயி, குனோங் ராபாட்ல கடைக்கா பஞ்சம்?"

முத்தம்மா. கையில் முருங்கைக்காய்க் கட்டு.

"ஷர்மினிக்குடி. இங்க கொஞ்சம் மலிவா கிடைக்கும்னாங்க."

"ஷர்மினிக்கா?" முத்தம்மா முருங்கைக்காயால் பாக்கெட்டைத் தட்டினாள். "அவதான் ஆறு மாசம் முழுகாம இருக்காளே. மாசமா இருக்கறவளுக்கு இது எதுக்குடி?"

பொய் சொல்லிப் பழகாதவர்கள் ஒரு பொய்க்கு மேல் தயார் பண்ணிக்கொண்டு வருவதில்லை.

முத்தம்மா கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வாடி, தே தாரிக் குடிச்சு நாளாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தெருவோர ஒட்டுக்கடையின் ஓர மேசையில் உட்காரவைத்து, தேநீர் வரும்வரை காத்திருந்து, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"எப்ப இருந்து?"

"ஆடியிலருந்து."

"அலாமா! இப்ப மார்கழிடி. டாக்டர்கிட்ட காட்டினியா?"

"திருவிழா முடியட்டும்டி. அம்மன் சோதிக்கிறா."

"அம்மனுக்கு வேற சோலி இல்ல பாரு. உன் பாவாடையத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

"நீ ஏன்டி பேச மாட்ட?" செல்லாயிக்குக் கோபம் வந்தது. அழுகையும் சேர்ந்தே வந்தது. "நான் ஒதுங்கினா சேலை உனக்குத்தானே. வெளிய போய்ச் சொல்லு, போ. நாளைக்கே பண்டாரத்துக்குப் போன் போடு."

இந்த இடத்தில் முத்தம்மாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவளிடம் காலையில் சொன்ன ரகசியம் மத்தியானம் சுங்காய் போய், சாயங்காலம் சிலிம் ரிவர் சுற்றி, சொன்னவள் காதுக்கே புதுச் செய்தியாகத் திரும்பி வரும். அப்படிப்பட்டவள் அன்று யாரிடமும் சொல்லவில்லை. யாரும் சிரிக்கக் கூடாது. உண்மையாகவே சொல்லவில்லை.

சொல்லாததோடு நிற்கவுமில்லை. தே கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் நாலு பக்கமும் பார்த்துவிட்டு முன்னால் குனிந்தாள்.

"எனக்கும்தான்டி படுது."

"என்னடி சொல்ற?"

"தீவாளிக்கு முன்னாடியிலருந்து. நான் யாருகிட்ட சொல்ல? மருமகக்கிட்டயா? அவ என்னை அடுப்படிக்குள்ள விட மாட்டா."

பக்கத்து மேசையில் யாரோ ரொட்டி சானாய்க்குக் குழம்பு கேட்டுக் கத்தினார்கள்.

"அப்ப அம்மனுக்கு யாருடி சேலை கட்டுவா?" என்றாள் செல்லாயி.

"அதான் நானும் யோசிக்கிறேன். நம்ம வயசுல வேற யாரு இருக்கா? எல்லாரும் போயிட்டாளுங்க. ரெண்டு பேரும் போய்க் காட்டுவோம்லா. ரெண்டுல ஒருத்தி தேறினாலும் போதும், திருவிழா நடந்துடும்."

முத்தம்மாவுக்கு ஒரு சொட்டும் படவில்லை. அவளுக்கு நின்றது நின்றதுதான். இது அந்த மேசையில் அவளுக்கு மட்டுமே தெரியும்.

அன்று மாலை செல்லாயி மகளிடம் சொன்னாள். ஷர்மினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் வழிந்து தரைக்குப் போனதும் தெரியாமல் நின்றாள். திட்டுவாள் என்று செல்லாயி எதிர்பார்த்தாள். ஷர்மினி ஈரக் கையோடு வந்து தாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு உட்காரச் சிரமப்பட்டாள்.

"மாசாமாசம் அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தியேம்மா" என்றாள். "கதவுக்கு இந்தப் பக்கம்தானேம்மா உக்காந்திருந்த."

"உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னுதான்டா."

"நீ இல்லாம நான் பெத்து என்னம்மா பண்ணப் போறேன்?"

சோறு அன்று குழைந்துபோனது. தனேஸ்வரன் குழைந்த சோற்றை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டான். ஊரில் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். நடந்தது.

அதைவிடப் பெரிய அதிசயம் மறுநாள் காலை. தனேஸ்வரன் இரண்டு கிழவிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். வாசலுக்கு நேரெதிரே பார்க்கிங் காலியாக இருந்தது. அவன் நம்பாமல் இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தான். இரண்டு தடவையும் காலியாகவே இருந்தது. காரை விட்டு இறங்கி அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். உள்ளே நம்பர் சீட்டு வாங்கி உட்கார்ந்ததும் கூப்பிட்டார்கள். பெஞ்சுகூடச் சூடாகவில்லை.

டாக்டர் பெயர் நூருல் ஹுதா. புந்தோங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பக்கீர் முகம்மதின் மகள். தலையில் முக்காடு, பேச்சு அசல் தமிழ். முத்தம்மாதான் முதலில் உள்ளே போனாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையேம்மா. நல்லாதான் இருக்கீங்க."

"அதெப்படி இல்லாம இருக்கும்? இவ்வளவு தூரம் வந்திருக்கேன். நல்லாப் பாருங்க டாக்டர்."

"எப்ப கடைசியா பட்டுச்சு?"

முத்தம்மா திரை வழியாக எட்டி, வெளியே செல்லாயி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்தாள். அப்புறம் டாக்டரின் காதுக்குள் ஏதோ சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. முத்தம்மாவின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு, "சரி, ரொம்பச் சீரியஸான கேஸ்தான், வெளிய உக்காருங்க" என்று சத்தமாகச் சொன்னார்.

செல்லாயியின் முறை வந்தது. பச்சைத் திரை. அதற்குள்ளே உயரமான கட்டில். சேலையைத் தளர்த்திப் படுக்கச் சொன்னபோது அவள் கொசுவத்தை உருவினாள். அம்மனைத் திரைக்குள்ளே வைத்துத் தான் அவிழ்ப்பது நினைவு வந்தது. இத்தனை வருஷமாக எதிரே நின்று அவிழ்த்தவள், இன்று அந்தக் கல்லின் இடத்தில் தான் கிடந்தாள். அம்மனுக்கும் இப்படித்தான் குளிர்ந்திருக்குமா, கூசியிருக்குமா, ஒரு தடவையும் நான் கேட்டதில்லையே என்று நினைத்தாள்.

டாக்டர் முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, அப்புறம்தான் தொட்டார். என்ன செய்யப் போகிறோம் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னார். "இப்ப கொஞ்சம் வலிக்கும்மா. வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுவேன்." செல்லாயி வலித்தால் சொல்லிப் பழகியவள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே நிறுத்தினார்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ஒண்ணு."

"மொத்தம் எத்தனை தடவை வயித்துல தங்குச்சு?"

செல்லாயி கூரையைப் பார்த்தாள். "நாலு."

"மத்த மூணு?"

யாரும் அவளை இதைக் கேட்டதில்லை. ஐயாவு கேட்டதில்லை, புருஷன் கேட்டதில்லை. சொல்ல ஆரம்பித்தாள். மூத்தது ஆண்பிள்ளை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே, பால் ஏற்றுகிற டிராக்டரில், காலியான பால் டின்களுக்கு நடுவே பிறந்தான். மத்தியானம் வரை மூச்சிருந்தது. அடுத்தது பெண். முழுசாக வளர்ந்து, அழாமலே வந்தது. மூன்றாவது வெளிக்காட்டில் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தபோது போய்விட்டது. அன்றைய கூலிப் பேர் கெடக் கூடாது என்று வேலை வாங்குகிற தண்டல் சொன்னதால் அவள் வேலையை முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

"பேர் வச்சிருந்தீங்களா?"

"மூத்தவனுக்கு மட்டும். காதுல சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது."

டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் பேனா இல்லை, போன் அடிக்கவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது ஒரு டாக்டர் அவ்வளவு நேரம் ஒரு தோட்டத்துக் கிழவியின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால், சேவல் முட்டையிட்டதை நம்பியவர்கள்கூட இதை நம்ப மாட்டார்கள். அது அவர்கள் இஷ்டம்.

கருப்பையின் உள்சுவரிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த நாள் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "புற்றுநோய்தாம்மா. ஆனா உள்ளேயே இருக்கு, வெளிய பரவல. கருப்பையை எடுத்துட்டா பொழைச்சுக்கலாம். நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு பட்டாக்கூட உடனே வந்திருக்கணும். இப்பவாவது வந்தீங்களே."

"சித்திரைக்குள்ள எந்திரிச்சுடுவேனா டாக்டர்?"

"சித்திரையில என்ன?"

செல்லாயி சொன்னாள். டாக்டர் யோசித்தார். "கனமா எதுவும் தூக்கக் கூடாது. சேலைதானே, கட்டலாம்."

ஆபரேஷன் நன்றாக நடந்தது. தை முழுக்கப் படுத்திருந்தாள், மாசியில் எழுந்து நடந்தாள். முத்தம்மா தினமும் புந்தோங்கிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் சாப்பிடக் கூடாது என்று சொன்னதையெல்லாம் பட்டியல் போட்டு ஒப்பித்துவிட்டு, தானே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு நாள் செல்லாயி கேட்டாள்.

"உனக்கு என்னடி சொன்னாங்க?"

"எனக்கா? மாத்திரை குடுத்தாங்க, நின்னுடுச்சு."

"என்ன மாத்திரை?"

"சிவப்பு" என்றாள் முத்தம்மா. இரண்டு பேரும் செல்லாயியின் தையல் நோகச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் செல்லாயிக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அவள் காட்டிக்கொள்ளவில்லை. முத்தம்மாவின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

சித்திரை வந்தது. கோயிலில் சனம் கூடியது. செய்தி எப்படியோ கசிந்திருந்தது. பண்டாரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"செல்லாயி அக்காவுக்கு இப்படி ஆனப்புறம், முறைப்படி பாத்தா..."

"என்ன முறை?" முத்தம்மா முன்னால் வந்தாள். "கருப்பையே இல்ல அவளுக்கு. எடுத்துட்டாங்க. இனிமே தீட்டு எங்கருந்து வரும், உங்க வீட்லருந்தா? இந்த ஊர்ல அவளைவிடச் சுத்தமானவ ஒருத்தியக் காட்டுங்க, பாப்போம். நானே கட்ட மாட்டேன்னு சொல்றேன், நீங்க யாரு?"

பண்டாரம் ஒதுங்கி நின்றார். மேளம் நின்றது. செல்லாயி ஈரத் தலையோடு உள்ளே போனாள்.

மஞ்சள் தண்ணீரை அன்று அவள் அடுப்பில் வைத்துச் சூடு பண்ணிக் கொண்டுபோயிருந்தாள். "தாயி, கொஞ்சம் திரும்பு. இப்ப முதுகுல ஊத்தப் போறேன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்தாள். கட்டி முடித்ததும் கல்லின் காதருகே குனிந்து, தன் மூத்தவனின் பெயரைச் சொன்னாள். மற்ற இரண்டுக்கும் அங்கேயே ஒவ்வொரு பெயர் வைத்தாள்.

வழக்கமாகத் திரை விலகியதும் பெண்கள் வரிசையில் வந்து மஞ்சள் வாங்கிக்கொண்டு போவார்கள். அன்று செல்லாயி ஒவ்வொருத்தி கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். முதலில் எல்லாரும் நல்லாயிருக்கேன் என்றார்கள். அவள் கையை விடவில்லை. அப்போது தினேஸ்வரி என்கிற கல்லூரிப் பெண் அழ ஆரம்பித்தாள், மூன்று மாதமாக வரவே இல்லை, முகமெல்லாம் முடி முளைக்கிறது என்று. பின்னால் நின்ற அவள் தாய், எனக்கு மாரில் ஒரு கட்டி இருக்கு, உன் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன் என்றாள். அதற்குப் பின்னால் நின்றவளுக்குக் கருப்பை இறங்கி, இருமினாலே துணி நனைகிறது. இன்னொருத்திக்குப் புருஷன் பக்கத்தில் வந்தாலே வலி. ஐந்தாம் பிள்ளை வேண்டாம் என்று யாரிடம் சொல்வது என்று தெரியாதவள் ஒருத்தி. வரிசை நகரவே இல்லை. ஆண்பிள்ளைகள் பந்தலுக்கு வெளியே போய், வானத்தைப் பார்த்து மழை வருமா என்று ஆராய்ந்தார்கள்.

மறுநாள் ஒரு பஸ் பிடித்தார்கள். சுங்காய்ச் செம்பனைக்கு நடுவிலிருந்து ஈப்போ வரைக்கும் பஸ் நிறையப் பெண்கள். பாவாடை சட்டை போட்டவளிலிருந்து பல் போனவள் வரைக்கும். முத்தம்மா கண்டக்டர் மாதிரி வாசலில் நின்று, ஏறினவர்களை இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கும் பார்க்கிங் கிடைத்தது. நூருல் ஹுதா டாக்டர் வெளியே வந்து பார்த்துவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலம் எல்லாரையும் பார்த்து முடித்தபோதும் அவர் கை சூடாகவே இருந்தது.

அடுத்த வாரம் ஷர்மினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். நர்ஸ் கதவைத் திறந்து, துணியில் சுற்றின பிள்ளையை வெளியே கொண்டுவந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "ஆன்ட்டி சிஹாட்?" என்றாள். செல்லாயி எழுந்துபோய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிள்ளை நன்றாக, உரக்க அழுதது.

சூடம் கொளுத்தவே இல்லை. செல்லாயி பங்குனியிலேயே இறந்துபோனாள், திருவிழாவுக்கு முன்பே, தனக்கு ரத்தம் படுகிறது என்று கடைசிவரை ஒருவரிடமும் சொல்லாமல்.